குழல் ஒரு திசை, குறி ஒரு திசை

போன வருசம் இரண்டாம் தவணை முடியப்போகும் நேரம். அக்கா மகள், எயார் ரைபிளில் சுட்டுப் பழகிய ஒரு இலக்குத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றாள். நடுவிலிருந்த கறுப்பு வட்டம் சுத்தமாக இருந்தது, அதில் ஒரு துளைகூட இல்லை. அதற்கு இடப்பக்கம், வெள்ளைத் தாளில், ஐந்து துளைகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன. ஐந்து ரூபாய்க் குத்தி ஒன்றை மேலே வைத்தால் அத்தனையும் மறைந்துவிடும்.

"நான் விசைய வெடுக்குன்னு இழுக்கிறேனாம் மாமா. கண்ணு பிழையா இருக்கும், டொக்டர்ட்ட காட்டிட்டு வான்னு சேர் சொல்லிட்டாரு. எனக்கு இனிப் போக விருப்பமில்ல."

அவள் படிப்பது ஹட்டன் பக்கத்தில் ஒரு பாடசாலை. பழைய மாணவர்கள் பணம் சேர்த்து, பிள்ளைகள் பழகுவதற்கென்று மலிவான எயார் ரைபிள் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். குழலை மடித்து உள்ளே இருக்கும் சுருள்வில்லை இறுக்கும் வகை, 4.5 மில்லிமீட்டர் ஈயச் சன்னம். நகரத்துப் பெரிய பாடசாலைகளில் பிள்ளைகள் வைத்திருக்கும் போட்டித் துவக்குகளுக்குப் பக்கத்தில் இதை வைக்கவே முடியாது. ஆனால் தோட்டத்து லயத்திலிருந்து போகிற ஒரு பிள்ளை இந்த விளையாட்டைத் தொட்டுப் பார்க்க எங்கள் பக்கத்தில் இருக்கும் வாசல் அது ஒன்றுதான். அதனால்தான் அந்தத் தாள் என்னைத் தூங்கவிடவில்லை.

10 மீட்டர் இலக்கின் அளவுகள் மிகச் சின்னவை. பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர்ப் பொட்டு. கறுப்பு வட்டத்தின் குறுக்களவு 30.5 மில்லிமீட்டர், கடைசி வளையம் வரை எடுத்தாலும் 45.5 தான். அவளுடைய ஐந்து துளைகளின் நடுவை அடிமட்டத்தால் அளந்தேன். மையத்திலிருந்து 29 மில்லிமீட்டர் இடப்பக்கம். இரண்டு துளைகள் மட்டும் வெளி வளையங்களுக்குள் வந்திருந்தன, மற்றவைக்குச் சைபர். புள்ளிப் பலகையில் அவளுடைய பெயர் கடைசியில் இருந்ததற்கு அதுதான் காரணம்.

விசையை வெடுக்கென்று இழுப்பவர்களின் சன்னம் குறியைவிட்டு விலகிப் போவது வழக்கம்தான், அது தெரிந்த கதை. ஆசிரியர் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் இழுக்கிற கை ஐந்து தடவையும் ஒரே அளவாக இழுக்காது. ஒன்று அங்கே போகும், ஒன்று இங்கே போகும், ஒன்று நடுவிலும் விழும். கண் சரியில்லாதவருக்கும் அப்படித்தான், தாள் முழுக்கச் சிதறும். ஒரு குத்திக்குள் ஐந்தையும் வைக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கையும் கண்ணும் நன்றாகவே இருக்கின்றன. அவள் குறி பார்த்த இடம் ஒன்று, துவக்கு பார்த்த இடம் இன்னொன்று.

தாளை எடுத்துக்கொண்டு பொகவந்தலாவைக்குப் போய் அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா முப்பத்தைந்து வருசம் தேயிலை ஃபெக்டரியில் பிட்டர். துவக்கு பிடித்த மனுசன் இல்லை. ஆனால் நேர், கோணல் என்ற இரண்டு சொல்லுக்கும் அவரைப்போல் மதிப்புக் கொடுத்தவரை நான் பார்த்ததில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய ஃபெக்டரியில் கூரைக்குக் கீழே ஒரு நீளத் தண்டு ஓடும், அதிலிருந்து பெல்ட் இறங்கி ரோலர்களைச் சுற்றும். ஒரு ரோலரின் பெல்ட் மட்டும் நாளுக்கு நாலு தடவை கழன்று விழுந்தது. பெல்ட்டை மாற்றினார்கள், புல்லியை மாற்றினார்கள், பெல்ட் போடுகிற ஆளைக்கூட மாற்றினார்கள். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், தண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நைலோன் நூலைக் கட்டி, இடைக்கிடை தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்தார். நடு பெயரிங் தாங்கி ஒரு பக்கம் தள்ளி நின்றது. அதன் அடியில் தகடு வைத்து நேராக்கிய பிறகு அந்த பெல்ட் கழன்றதாக எனக்கு ஞாபகமில்லை.

தாளைப் பார்த்தவுடன் அவர் கேட்டது ஒரே கேள்வி. "வேற யாராச்சும் அதே துவக்குல சுட்டுப் பார்த்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. பழகுகிற பிள்ளைகள் நாலு பேர். மற்ற மூன்று பேருக்கும் சன்னம் தாளெல்லாம் சிதறியதால் அவர்களுடையதில் எந்தப் பக்கச் சாய்வும் கண்ணுக்குத் தெரியவில்லை. நன்றாகச் சுட்ட பிள்ளையின் தாளில்தான் துவக்கின் பிழை துலக்கமாக விழுந்திருக்கிறது. அந்தப் பிழையை அவள் தலையில் போட்டுவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஆசிரியரிடம் சொல்லி நேரம் வாங்கினோம். காலையில் பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறி, நோர்வூட், டிக்கோயா தாண்டி ஹட்டனில் இறங்கும்வரை மழை விடவில்லை. அப்பாவின் மடியில் பழைய தோல் பை. அதில் உருளையான சாமானைப் படுக்க வைக்கும் வீ பிளாக் இரண்டு, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ், வேர்ணியர் அளவுகோல், ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல், ஒரு குப்பி லாம்பு. குப்பி லாம்பு எதற்கென்று பஸ்ஸில் கேட்டேன். "அங்க வந்து பாரு" என்றார்.

பாடசாலை மண்டபத்தில்தான் சுடுவார்கள். மலைக்காற்று தள்ளுகிறது, இந்த உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் சன்னம் விலகுகிறது என்றெல்லாம் ஒரு பேச்சு அங்கே இருந்தது. மூடிய மண்டபத்தில் தள்ளக் காற்றில்லை. உயரத்தில் காற்று ஐதாவது உண்மை, ஆனால் அதனால் சன்னத்தின் வேகம் கொஞ்சம் குறைவாக மழுங்கும், அவ்வளவுதான். ஐதான காற்று எதையும் இடப்பக்கம் பிடித்து இழுக்காது.

ஆசிரியர் நல்ல மனுசர், அலுமாரியைத் திறந்து துவக்கைப் பதிவுப் புத்தகத்தோடு கொண்டுவந்தார். சன்னம் இல்லை, வில் இறுக்கப்படவில்லை என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்த பிறகுதான் அப்பா அதைக் கையில் வாங்கினார்.

குறி பார்க்க உதவும் முன்குறி, பின்குறி இரண்டையும் முதலில் தொடவே இல்லை. மரக்கட்டையை வில் இருக்கும் பின்குழாயோடு பிடித்திருக்கும் ஆணிகளைத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்து இரண்டும் அரைச்சுற்று ஆடின. மழைக்காலத்தில் மரக்கட்டை ஊறும், வெயிலில் சுருங்கும், வில் துவக்கு ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னுமாக உதறும். இந்த மூன்றும் சேர்ந்தால் ஆணி தளராமல் இருக்காது. இறுக்கிவிட்டு, மருமகளின் பையிலிருந்த கியூட்டெக்ஸ் நகப்பூச்சில் ஒரு சொட்டு ஆணித் தலையில் வைத்தோம். இனித் தளர்ந்தால் பூச்சு வெடித்துக் காட்டிக்கொடுக்கும். பிறகு குழல் மடிகிற இடத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. குழல் மடிந்து பூட்டுகிற இடத்தில் ஒரு மெல்லிய டிஷூ துண்டைப் பிடித்து வெடித்துப் பார்த்தோம், துண்டு இலேசாகத்தான் அசைந்தது. அங்கே காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் இன்னும் ஒரு வருசம் தாங்கும்.

பிறகு ஆசிரியரையே சுடச் சொன்னார். மேசையில் கம்பளியை நாலாக மடித்து வைத்து, அதன்மேல் துவக்கின் முன்கட்டையை மெதுவாகக் கிடத்தி. கடினமான பலகையில் வைத்தால் வில் துவக்கு துள்ளும், துள்ளினால் சன்னம் வேறிடம் போகும், மடித்த கம்பளி அந்தத் துள்ளலை வாங்கிக்கொள்ளும். கொழுந்து மலையில் மழைக்குப் போர்த்துகிற அதே கம்பளிதான். ஆசிரியரின் ஐந்து சன்னமும் அவளுடையதைவிடக் கொஞ்சம் அகலமாக விழுந்தன. ஆனால் அதே இடம், அதே இடப்பக்கம். அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவளைப் பார்த்து, "மன்னிச்சுக்கோ மகள்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அவரை மதிக்கிறேன்.

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிசம்கூட ஆகவில்லை. ஒரு பிள்ளையிடம் உன் கண் பிழை என்று சொல்வதற்கு முன்னால் இன்னொருவர் ஐந்து சன்னம் சுட்டுப் பார்த்திருக்கலாம். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பின்குறியை வலப்பக்கம் திருப்புகிற ஆணியைப் பார்த்தோம். அது ஏற்கனவே கடைசிவரை வலப்பக்கம் போய் முட்டி நின்றது. யாரோ சரிப்படுத்தப் பார்த்து, இடம் முடிந்ததும் விட்டிருக்கிறார்கள். அப்பா அதை ஒரு முட்டிலிருந்து மறுமுட்டுவரை சுற்றி எண்ணி, பாதியில் கொண்டுவந்து நிறுத்தினார். "ஓரத்துல முட்டி நின்னுக்கிட்டு எவ்வளவு தூரம்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியாது. முதல்ல நடுவுக்கு வா."

இனி வருவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்த வேலை. தாளை 5 மீட்டரில் ஒன்று, 10 மீட்டரில் ஒன்று, 15 மீட்டரில் ஒன்று வைத்தோம். மருமகள் மூன்றிலும் ஐந்தைந்து சுட்டாள், குறி வைத்த விதம் மூன்றிலும் ஒன்றே. துளைக் கூட்டத்தின் நடு மையத்திலிருந்து எவ்வளவு இடப்பக்கம் என்று அளந்தோம். 26, 52, 79. பின்குறியை நடுவுக்குக் கொண்டுவந்ததால்தான் 10 மீட்டரில் முன்பிருந்த 29 இப்போது 52 ஆனது.

இந்த மூன்று எண்களுக்குள் பாதிப் பதில் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானபோது விலகலும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கானபோது மூன்று மடங்கு. கோடு போட்டுப் பின்னால் இழுத்தால் அது துவக்கிலேயே சைபரைத் தொடும். அப்படியென்றால் பிழை கோணத்தில் இருக்கிறது. குழல் ஒரு திசையும் குறிக்கோடு இன்னொரு திசையும் பார்க்கின்றன. எண்கள் 8, 8, 8 என்று வந்திருந்தால் குறிகள் இரண்டும் சேர்ந்து குழலுக்குப் பக்கத்தில் தள்ளி நிற்கின்றன, ஆனால் இரண்டு கோடும் சமாந்தரம் என்று அர்த்தம். கிட்டத்தில் இடமும் தூரத்தில் வலமுமாக மாறி வந்திருந்தால் தள்ளி நிற்பதும் கோணமும் கலந்திருக்கின்றன, இரண்டு கோடுகளும் நடுவில் எங்கோ வெட்டிக்கொள்கின்றன. மூன்று தாளும் பதினைந்து சன்னமும் போதும், வேறு கருவியே வேண்டாம். ஒரே தூரத்தில் எத்தனை நூறு சன்னம் சுட்டாலும் இந்தப் பிரிவு தெரியாது.

மேலும் கீழுமான விலகலை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அதில் புவியீர்ப்பு புகுந்துவிடும். விநாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் போகும் சன்னம் 10 மீட்டரில் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் இறங்கும், 20 மீட்டரில் அதன் நாலு மடங்குக்கும் கொஞ்சம் அதிகம். அது வளைகோடு. பக்கவாட்டு விலகல், காற்றில்லாத மண்டபத்தில், நேர்கோடு. அதனால் பக்கவாட்டைத்தான் முதலில் நம்ப வேண்டும். துவக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் இறக்கத்தின் ஒரு பகுதி பக்கவாட்டுக்குள் கலந்துவிடும், அதற்காக அவளுக்கு முன்னால் சுவரில் ஒரு நூல் தொங்கவிட்டு அதற்கு நேராகத் துவக்கைப் பிடிக்கச் சொல்லியிருந்தோம்.

அடுத்தது கோணம் எங்கிருந்து வருகிறது என்பது. இந்தத் துவக்கில் முன்குறி குழல் வாயிலும் பின்குறி குழலின் அடிக்கட்டையிலும் இருக்கின்றன. குழல் மடியும்போது இரண்டும் அதனோடு சேர்ந்தே போகின்றன. அதனால் பூட்டு கொஞ்சம் கோணலாக அமர்ந்தாலும் குறிக்கும் குழலுக்கும் உள்ள உறவு மாறாது. மிஞ்சுவது மூன்று இடங்கள். முன்குறி, பின்குறி, குழல்.

இரண்டு குறிகளுக்கும் இடையே அப்பா அளந்தது 440 மில்லிமீட்டர். 10 மீட்டர் என்பது 10,000 மில்லிமீட்டர். 10,000ஐ 440ஆல் வகுத்தால் 22.7. குறி எதுவானாலும் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் தாளில் 22.7 மில்லிமீட்டர் நகரும். கடுதாசி ஒன்றின் கனம், 0.1 மில்லிமீட்டர், தாளில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல். மலிவுத் துவக்கில் பிளாஸ்டிக் வார்ப்பில் வந்த குறி எவ்வளவு பிழையைச் செய்ய முடியும் என்பதற்கு இந்தக் கணக்குப் போதும். திசையையும் மறக்கக்கூடாது. பின்குறியை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ சன்னம் அந்தப் பக்கம் போகும், முன்குறியை நகர்த்தினால் எதிர்ப்பக்கம் போகும். முன்குறி வலப்பக்கம் சாய்ந்திருந்தால் அதை நடுவுக்குக் கொண்டுவர நாம் குழல் வாயை இடப்பக்கம் திருப்புவோம், சன்னமும் இடம் போகும்.

பின்குறித் தகட்டின் மேல்விளிம்பில் சின்ன ரசமட்டத்தை வைத்து, துவக்கைப் பலகைகளுக்கு நடுவில் அசையாமல் இறுக்கி, எதிரே தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டோம். முன்குறிக் கம்பியின் அடி நூலில் பட்டது. நுனி பட்டதா என்று பார்த்தால் வலப்பக்கம் விலகி நின்றது. முன்குறியைச் சுற்றி ஒரு வட்டக் கூடு இருப்பதால் இத்தனை நாளும் யாருக்கும் தெரியவில்லை. கூடும் கம்பியும் சேர்ந்து சாய்ந்திருந்தன, வட்டத்துக்குள் சாய்வு தெரிய ஒப்பிட எதுவும் இல்லை. வேர்ணியரில் பார்த்தால் நுனியின் விலகல் 1.5 மில்லிமீட்டர். 22.7ஆல் பெருக்கினால் 34.

விலகல் 52. முன்குறியின் பங்கு 34. மிச்சம் 18 எங்கே?

ஆசிரியர் அந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்றார், மிச்சத்தைப் பின்குறியால் சரிக்கட்டிவிடலாமே என்று. செய்திருக்கலாம். அப்பா கேட்கவில்லை. "கணக்குல மிச்சம் இருக்குன்னா இன்னொரு எடத்துல கோணல் இருக்குன்னு அர்த்தம். அது எங்கன்னு தெரியாம மூடி வச்சா நாளைக்கு அது வளருதா அப்படியே நிக்குதான்னு எப்பிடித் தெரியும்?"

கட்டையைக் கழற்றி, மடிப்பு ஆணியை எடுத்து, குழலைத் தனியாகப் பிரித்தார். வில் இருக்கும் பின்குழாயின் பக்கமே அவர் போகவில்லை. அதற்கென்று பிடிகருவி இல்லாமல் வில்லை அவிழ்த்தால் முகத்தைப் பெயர்த்துவிடும் என்று எல்லோரிடமும் சொன்னார். நானும் இங்கே சொல்கிறேன். குழல் தனியாக வந்த பிறகுதான், அதற்கு முன்னால் ஒருபோதும் இல்லை, அதன் துளைக்குள் கண்ணை வைத்தார். துணியால் துடைத்து, மண்டபத்து ஜன்னலை நோக்கிப் பிடித்தார். ஜன்னல் சட்டத்தின் குறுக்குக் கம்பி துளையின் உள்சுவரில் ஒரு மெல்லிய நிழல்கோடாக ஓடும். குழல் நேராக இருந்தால் அந்தக் கோடும் நேராக ஓடும். மெதுவாக உருட்டிக்கொண்டே பார்த்தால், வளைந்த குழலில் ஒரு நிலையில் கோடு முறியும். துப்பாக்கிக் குழல் செய்த பழைய தொழிலாளிகள் இந்த நிழலைப் பார்த்தே குழலை நிமிர்த்தினார்கள். அப்பாவுக்கு அது தெரியாது. குழாய் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஃபெக்டரியில் அவரே இந்த வழியைப் பழகியிருந்தார். என்னிடம் தந்தார், நானும் பார்த்தேன். வாயை நெருங்கும் கடைசி மூன்றிலொரு பங்கில் கோடு திரும்பியது.

நேரான அடிப்பகுதியை இரண்டு வீ பிளாக்கில் படுக்க வைத்து, வாய்ப்பக்கத்தில் டயல் கேஜை நிறுத்திக் குழலை ஒரு சுற்று உருட்டினார். முள் 0.8 மில்லிமீட்டர் ஓடியது. மருமகள் உடனே "0.8 வளைவு" என்று எழுதப் போனாள். "டயல் காட்டுறதுல பாதிதான் உண்மை, கண்ணு. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குறது ரெண்டையும் சேர்த்துக் காட்டுது." 0.4. உயர்ந்த பக்கத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டார். துவக்கில் பூட்டிய நிலையில் அது இடப்பக்கம்.

இந்த 0.4இல் நான் நெடுநேரம் நின்றேன். வளைவு தொடங்கும் இடம் பின்குறியிலிருந்து 290 மில்லிமீட்டர், அதிலிருந்து வாய்வரை 150. 150க்கு 0.4 விலகினால் 10 மீட்டரில் ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் இடப்பக்கம் போக வேண்டும். நமக்கு மிச்சம் 18 தானே? காரணம், முன்குறியும் அதே வளைந்த துண்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. வாயோடு சேர்ந்து அதுவும் 0.4 இடப்பக்கம் போய்விட்டது, அது சன்னத்தை 9 மில்லிமீட்டர் வலப்பக்கம் திருப்பிக் கொடுக்கிறது. 27இல் 9 போனால் 18. கணக்கு மூடியது. அப்பா தலையை மட்டும் ஆட்டினார், ஆனால் அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். பெல்ட் கழலாமல் ஓடிய அன்றும் அப்படித்தான் ஆட்டினார்.

இதிலிருந்து வரும் ஒரு விசயம் திறந்த குறி வைத்துச் சுடுகிற எவருக்கும் உதவும். குழல் அடிப்பக்கத்திலேயே, பின்குறிக்குப் பக்கத்தில் வளைந்திருந்தால், குறியும் குழலும் சேர்ந்தே திரும்பிவிடும், தாளில் பெரிதாக ஒன்றும் தெரியாது. வாய்ப்பக்கத்தில் வளைந்திருந்தால் ஏறத்தாழ முழுப் பிழையும் தாளில் விழும். குழலை மடித்த நிலையில் தவறுதலாக விசையை இழுத்தால் குழல் பட்டென்று எகிறி மூடிக்கொள்ளும், அப்போது அது மேல்நோக்கி வளைந்துவிடும். அப்படிப் பழுதான துவக்குகள் மேலே சுடும். எங்களுடையது பக்கவாட்டில் வளைந்திருந்ததால் அது காரணமாக இருக்க முடியாது. பெட்டியிலிருந்து வரும்போதே அப்படி வந்திருக்க வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். விலை குறைக்க வேண்டுமென்றால் முதலில் வெட்டுவது ஆளை உட்காரவைத்து நிமிர்த்துகிற வேலையைத்தானே.

திறந்த குறியை விட்டுத் தொலைநோக்கிக் கண்ணாடிக்குப் போனால் கதை மாறும் என்பதையும் அன்றுதான் அறிந்தோம். இரண்டு மாதம் முன்னால் ஆசிரியர் மலிவான கண்ணாடி ஒன்றைப் பூட்டிப் பார்த்திருக்கிறார். 10 மீட்டர் போட்டியில் அதற்கு இடமில்லை, துவக்கைச் சோதிக்கத்தான். சன்னம் 11 சென்டிமீட்டர் கீழே விழுந்ததாம். மேலே தூக்கும் ஆணியைக் கடைசிவரை திருப்பியும் போதவில்லை, அதோடு சன்னம் சிதறவும் தொடங்கியது. கண்ணாடி நிற்பது பின்குழாயின் முதுகில், குழலின் மேல் அல்ல. பூட்டும்போது குழல் மூக்கு ஒரு நூலளவு தாழ்ந்து அமர்ந்தாலும் திறந்த குறிக்கு அது தெரியாது, கண்ணாடி அதை முழுதாகக் காட்டும். மடிக்கும் துவக்குகளில் இந்தத் தாழ்வு சர்வசாதாரணம். அந்த 11 சென்டிமீட்டரில் ஏறத்தாழ பாதி கண்ணாடியின் உயரமும் சன்னத்தின் இயல்பான இறக்கமும், மிச்சப் பாதிதான் குழலின் தாழ்வு. ஆணியைக் கடைசிவரை திருப்பினால் உள்ளே குறுக்குக்கோட்டைப் பிடித்திருக்கும் வில்லுக்கு இழுவை போய்விடும், பிறகு ஒவ்வொரு உதறலுக்கும் கோடு நகரும். அவர் கண்ணாடியைக் குறை சொல்லிக் கழற்றி வைத்துவிட்டார். பின் வளையத்தைக் கொஞ்சம் உயர்த்தும் தாங்கி போட்டிருந்தால் அது வேலை செய்திருக்கும்.

குழலை நிமிர்த்துவதா? ஃபெக்டரிக்குக் கொண்டுபோனால் பிரஸ்ஸில் கட்டைகள் வைத்து நிமிர்த்தலாம் என்று நான் சொன்னேன். அப்பா மறுத்தார். இரும்பு திரும்பி வரும் அளவைக் கணக்கிட்டு, கொஞ்சம் கூட வளைத்து, விட்டு, மறுபடி அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிற வேலை அது. மெல்லிய துளையுள்ள குழலில் கை ஒரு தடவை மிஞ்சினால் அவ்வளவுதான். வளைந்த குழல் சன்னத்தைச் சிதறடிப்பதில்லை, மறுபடி மறுபடி ஒரே இடத்தில்தான் போடுகிறது, அதற்கு அவளுடைய தாளே சாட்சி. மிச்சம் 18 மில்லிமீட்டர், பின்குறியில் 0.8. நடுவிலிருந்து முட்டுவரை அதற்கு ஒரு மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. காரணம் தெரிந்த பிறகு பின்குறியால் சரிக்கட்டுவதில் அவருக்கு எந்த வருத்தமும் இருக்கவில்லை. நானாக இருந்தால் நிமிர்த்தப் போயிருப்பேன். அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன்.

முன்குறியைப் பிடித்திருந்த சின்ன ஆணியைத் தளர்த்தி, நூலோடு ஒட்டிவரும்வரை திருப்பி, இறுக்கினார். குழலைப் பூட்டினார். பின்குறியை வலப்பக்கம் 0.8. பிறகு பையிலிருந்து குப்பி லாம்பை எடுத்துக் கொளுத்தி, அதன் புகை நுனியில் ஒரு கம்பியைக் காட்டி, படிந்த கரியை முன்குறியில் தடவினார். மண்டபத்தில் ஜன்னல்கள் ஒரு பக்கம் மட்டும். அந்தப் பக்கத்து வெளிச்சம் முன்குறியின் ஒரு ஓரத்தில் பளபளத்தால் கண் அந்த ஓரத்தைத் தவறாகப் பிடிக்கும். குப்பி லாம்புக் கரிக்குப் பளபளப்பே கிடையாது.

மருமகள் ஐந்து சுட்டாள். அதே குத்தியளவுக் கூட்டம், இந்தத் தடவை கறுப்புக்குள். ஆசிரியர் கூட்டிப் பார்த்து 41 என்றார். நான் கைதட்டப் போனேன். அவள் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தாத்தா, 5லயும் 15லயும் சுட்டுப் பார்க்கணும்தானே? கோணம் போயிருச்சுன்னா மூணுலயும் நடுவுல விழணும்."

அப்பா ஒன்றும் சொல்லாமல் தாள்களை எடுத்துக்கொண்டு போய் மாட்டினார். 5 மீட்டரில் நடு, பக்கவாட்டில் விலகலே இல்லை. 15இல் ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம், கூடவே கொஞ்சம் கீழே. அந்தக் கீழ் புவியீர்ப்பினுடையது என்று அவளே சொன்னாள். அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, திகதி போட்டு, மேல்வரியில் 26, 52, 79 என்றும் கீழ்வரியில் 0, 0, 1 என்றும் எழுதினாள். பக்கத்தில், பின்குறி நடுவிலிருந்து வலம் 0.8, குழல் வாய் இடம் 0.4, முன் ஆணிகளுக்குக் கியூட்டெக்ஸ் என்று.